இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

கம்பெனிக்குப் புகார் எழுத வேண்டாம். நேற்று நம் ரிக்கார்டு கேட்கிறவர்கள் குழுவில் குன்னத்துகால் டாக்டர் போட்டிருந்த செய்தியைப் பார்த்தேன். என்னிடம் இரவல் வாங்கிப்போன ரிக்கார்டில் இரண்டாம் பக்கத்து மூன்றாம் பாட்டு ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறதாம். எத்தனை வருஷம் கழித்து வந்த மறுபதிப்பு, அதில் இப்படி ஒரு குறையா, மாற்றித் தரச் சொல்லுங்கள் என்று நீங்கள் எல்லோரும் வரிந்து கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். கம்பெனிக்காரன் பாவம், அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தக் கீறல் நான் போட்டதாக்கும். கொண்டை ஊசியால், பட்டப்பகலில், நல்ல புத்தியோடுதான் போட்டேன்.

இந்த அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டு நினையுங்கள். நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது, இனி அவசரம் என்ன?

பதினைந்து நாளாக நீங்கள் எழுதிக் குவிப்பதை எல்லாம் நானும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக எழுதுகிறீர்கள். முதல் பாட்டில் ஆர்கன் நுழையும் இடத்தைப் பற்றி மட்டும் மாடிவீட்டு அண்ணன் மூன்று தடவை எழுதிவிட்டார். டிரம் அடிக்கிறவன் தாளத்துக்கு ஒரு இமைப்பொழுது பிந்தி, வேண்டுமென்றே பிந்தி அடிக்கிறான், பாட்டின் உயிர் அந்தப் பிந்தலில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னது சரி. அந்தப் பாட்டுக்காரி வரியைத் தொடங்கும் முன்னே மூச்சு இழுக்கிற சத்தம் பழைய ரிக்கார்டில் கேட்காது, இதில்தான் கேட்கிறது என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அது மட்டும் தப்பு. பழையதிலும் கேட்கும். பாட்டுப்பெட்டியோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டவள் சொல்கிறேன்.

பழைய ரிக்கார்டு ஒன்று நம் பக்கத்தில் இருந்தது, உங்கள் யாருக்கும் தெரியாது. அதை மண்ணில் புதைத்தார்கள். புதைக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. பூவாரில், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது எங்கள் வீடு. அடுத்த வீடு மாமியுடையது. மாமி என்றால் அப்பாவின் தங்கை. பிள்ளை இல்லாத வீடு, ஆகையால் நான் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். எங்கள் ஆட்கள் எல்லாம் வள்ளத்தில் போய்விட்டு மீனோடு திரும்பி வருகிறவர்கள். மாமன் ஒருத்தர்தான் கப்பலில் வேலை பார்த்தார். போனால் வருஷம் கழித்து வருவார், வந்தால் ஊரெல்லாம் சோப்பு மணக்கும்.

ஒரு தடவை அவர் சாம்பல் நிறத்தில் ஒரு பாட்டுப்பெட்டி கொண்டுவந்தார். சூட்கேஸ் மாதிரி மூடி வைக்கலாம், ஆறு பெரிய பேட்டரி போட்டால் பாடும். கூடவே ஒரே ஒரு ரிக்கார்டு. அட்டையில் மஞ்சள் உடுப்புப் போட்ட கறுத்த பெண் ஒருத்தி படியில் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, நம்மைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அட்டையின் மணம் இப்போதும் எனக்கு மூக்கில் உண்டு, புது நோட்டுப் புத்தகமும் கப்பல் பெயிண்டும் கலந்த ஒரு மணம். பேர் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் ஓர்மை இல்லை. அதை வாங்கின ஊர்த் துறைமுகத்தில் எந்தக் கடையில் நுழைந்தாலும் இவள் பாட்டுத்தான் கேட்கும் என்று மாமன் சொன்னார். மாமி அர்த்தம் கேட்டதற்கு, பெண் ஒருத்தி புருஷனை விளிக்கிறாள், அவ்வளவுதான் என்று சிரித்தார். அவருக்கும் அதற்குமேல் தெரிந்திருக்காது.

அவர் திரும்பக் கப்பலுக்குப் போனபிறகு ஒருநாள் ரிக்கார்டு கரகரவென்று இரைந்தது. கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவார்கள் இல்லையா, நானும் தேங்காயெண்ணெய் எடுத்து ரிக்கார்டு முழுக்கத் தேய்த்துவிட்டேன். மாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினாள். அப்பாதான் செவிட்டில் ஒன்று வைத்தார். இதை ஓர்மையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் எனக்கு வினையாக வந்தது.

அந்த மழைக்காலத்தில் கப்பலிலிருந்து கடுதாசி வந்தது. இங்கிலீஷ் கடுதாசி. கோயில் சாமியார் அச்சன் வாசித்து அர்த்தம் சொன்னார். இன்ன துறைமுகத்தில் மாமன் கரைக்கு இறங்கினார், கப்பல் புறப்படும்போது ஏறவில்லை, தேடியும் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. செத்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை.

அப்பா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார், தண்ணீரில் விழுந்து போய்விட்டான் என்று. எங்கள் கரையில் கடல் எடுத்த ஆளுக்கு உடல் கிடைக்காவிட்டால் ஒரு வழக்கம் உண்டு. சேதி வந்த நாளிலிருந்து நாற்பத்தோராம் நாள் பூசை வைத்து, அந்த ஆள் உடுத்த சட்டையைச் சவப்பெட்டியில் வைத்து, ஆளை அடக்குகிற மாதிரியே அடக்குவார்கள். அன்றோடு பெண்டாட்டி தாலியைக் கழற்றி வெள்ளை உடுக்க வேண்டும். அதற்கு அப்புறம் புருஷன் உயிரோடு உண்டு என்று அவள் சொல்லக்கூடாது. அப்பா அந்த நாளைக் குறித்தார். மாமி மாட்டேன் என்றாள்.

"செத்ததக் கண்டவங்க உண்டா அண்ணா? எறங்குன மனுஷன் ஏறி வருவாரு. நான் வெள்ள உடுக்க மாட்டேன்."

அப்பா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"ஓடிப்போனவனுக்க பெண்டாட்டின்னு பேரு வாங்காண்டாம் பிள்ளே. அதுக்குச் செத்தவனுக்க பெண்டாட்டின்னு இருந்துட்டுப் போ. நாங்களும் தல நிமிந்து நடக்கலாம்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பா நல்ல மனுஷர், தங்கைக்காக உயிரைக் கொடுப்பார். அந்த நல்ல மனுஷர்தான் தலை நிமிர்ந்து நடப்பதற்காக உயிரோடு இருக்கக்கூடிய ஒரு ஆளைக் கொன்றார் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குப் பெரியவர்கள் என்னவோ பேசுகிறார்கள் என்றுதான் இருந்தது.

ஆக, மாமிக்கு நாற்பது நாள் இருந்தது. தினமும் சாயங்காலம் கரைப் பெண்கள் வந்து முற்றத்தில் பாய் விரித்து ஜெபமாலை சொல்லுவார்கள். மாமி அவர்களைத் தடுக்கவில்லை. ஜெபம் முடிந்ததும் உள்ளே போய்ப் பாட்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ரிக்கார்டைப் போடுவாள். சாவு வீட்டில் பாட்டா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏன் என்று சொல்லுங்கள்? ஆர்கன்! நம் மாடிவீட்டு அண்ணன் உருகுகிறாரே, அதே ஆர்கன். பள்ளியில் பூசைக்கு வாசிக்கிற மாதிரி ஆர்கன், ஒருத்தி முன்னால் பாட நாலைந்து பேர் பின்னால் பதில் பாடுகிறார்கள், நடுவே அவள் அழுகிறாள். இது மாதாவைப் பற்றின வேதப்பாட்டுத்தான் என்று முன்ஜெபம் சொல்லுகிற சேச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து முதல் ஆர்கன் கேட்டதும் பெண்கள் எல்லோரும் தலையில் முக்காடு போட்டு, சிலுவை வரைந்து, கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்து கேட்பார்கள். நீங்கள் இருட்டு கிளப்புப் பாட்டு, கட்டில் பாட்டு என்று வர்ணித்து எழுதினீர்களே, அந்தப் பாட்டை முழங்கால் போட்டுக் கேட்ட கூட்டம் உலகத்திலேயே எங்கள் கரைக் கூட்டம் மட்டும்தான். மாமி திருத்தவில்லை. புருஷனை விளிக்கிற பாட்டுக்கு இத்தனை பேர் கூடிக் கைகூப்பினால் நல்லதுதானே என்று நினைத்திருப்பாள்.

பேட்டரி தீரத் தீர இன்னொன்று நடந்தது. பாட்டு வேகம் குறைந்து, அந்தப் பெண்ணின் குரல் கனத்து, இழுத்து, ஒரு ஆணின் குரலாக மாறியது. பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். புதுப் பேட்டரி வாங்கிப் போடு என்று சொன்னதற்கு மாமி தலையாட்டினாளே தவிர வாங்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து கொண்டாள். என்னையும் இழுத்து வைத்துக்கொண்டு, அவருக்க சத்தம் மாதிரி இல்லியா மக்கா என்று கேட்டாள். அப்படித்தான் இருந்தது. மாமன் தண்ணீருக்குள் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. கடைசியில் அப்பாவே பாறசாலைக்குப் போய்ப் பேட்டரி வாங்கிவந்து மாற்றினார்.

முப்பது நாள் போல ஆனபோது என் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லித்தரும் சிஸ்டர் துக்கம் கேட்க வந்தார். கோட்டயம் பக்கத்து ஆள், மலையாளம்தான் பேசுவார். ஜெபம் முடிந்து பாட்டு ஓடியது. சிஸ்டர் முதலில் சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தார். இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டு வந்ததும் அவர் விரலில் உருண்டுகொண்டிருந்த ஜெபமாலை நின்றுவிட்டது. பெண்கள் போகட்டும் என்று காத்திருந்து, இதன் அர்த்தம் தெரியுமா என்று மாமியைக் கேட்டார். பெண் ஒருத்தி புருஷனை விளிக்கிறாள் என்று மாமி மாமன் சொன்னதையே சொன்னாள். சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"மோளே, கொறச்சு வெள்ளம் கொண்டு வா."

நான் தண்ணீர் கோரிக்கொண்டு வந்தபோது மாமியின் கை சிஸ்டரின் கைக்குள் இருந்தது. கடைசியிலயா சிஸ்டர் என்று மாமி கேட்டாள். கடைசியில் மட்டும்தான் என்று சிஸ்டர் சொன்னார். வேலிப் பக்கம் நின்ற பெண்கள், பாட்டு எப்படி சிஸ்டர் என்று கேட்டதற்கு, பிரார்த்தனை தன்னே என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். சன்னியாசினி பொய் சொன்னாள், பாவம், அது எங்களுக்காகச் சொன்ன பொய்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா கொடுத்த மீன்குழம்பை எடுத்துக்கொண்டு மத்தியானம் அடுக்களை வழியாக மாமி வீட்டுக்குள் போனேன். மாமி தரையில் உட்கார்ந்திருந்தாள். முடி அவிழ்ந்து முதுகில் கிடந்தது. மடியில் ரிக்கார்டு, கையில் கொண்டை ஊசி. என்னைக் கண்டதும் தூசி எடுக்கிறேன் மக்கா என்றாள். நான் குழம்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மூன்றாம் பாட்டு நின்றுவிட்டது. அதாவது நின்றுவிடவில்லை, ஒரே வரியில் சுற்ற ஆரம்பித்தது. அந்தப் பெண் ஒரு வரியைச் சொல்லுவாள், பின்பாட்டுக்காரிகள் பதில் சொல்லுவார்கள், டக்கென்று ஒரு சத்தம், திரும்ப அதே வரி. திரும்பத் திரும்ப. பெண்கள் முதலில் விழித்தார்கள். பிறகு முன்ஜெபம் சொல்லுகிற சேச்சிக்கு வெளிச்சம் விழுந்துவிட்டது. இது மன்றாட்டு மாலையல்லவா! அவள் நெஞ்சில் கைவைத்து, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றாள். அடுத்த சுற்றுக்கு எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அந்தப் பெண் சொல்ல, டக், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அவள் சொல்ல, டக், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். எத்தனை தடவை என்று தெரியாது. கடல் இரைச்சலும் அதுவுமாக, சில பெண்கள் மாரில் அடித்து அழுதார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பும் வரும், சிரித்து முடிக்கும் முன்னே கண்ணும் நிறையும். மாமி அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி நிம்மதியாக அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அப்பா வந்துதான் முள்ளைத் தூக்கினார். ரிக்கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீறல் பளிச்சென்று தெரிந்தது. யார் செய்த வேலை என்று அவர் கேட்கவே இல்லை, நேராக என்னைப் பார்த்தார். எண்ணெய் தேய்த்தவளுக்குக் கீறத் தெரியாதா? நான் இல்ல அப்பா, நான் இல்ல அப்பா என்று கத்தினேன். புளியங்கம்பு முறிகிறவரை அடித்தார். மாமி வாசற்படியில் நின்றாள். நான் அவளையேதான் பார்த்தேன். அவள் வாய் திறக்கவில்லை.

அப்புறம் வந்து என் கால் தடிப்புகளுக்கு எண்ணெய் தடவினாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். அன்று மாமியின் மேல் எனக்கு விழுந்த வெறுப்பு சின்னது இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும், பூனையோ பல்லியோ எதுவோ செய்ததை என் தலையில் வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறாள் என்றுதான் நினைத்தேன். கொண்டை ஊசியை நினைக்கவே இல்லை. தூசி எடுக்கிறேன் என்று சொன்னாளே, அதை அப்படியே நம்பிவிட்டேன்.

நாற்பத்தோராம் நாள் மாமி யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. பூசைக்கு வந்தாள். பெட்டிக்குள் மாமனின் நீலச் சட்டையை அவளே மடித்து வைத்தாள். மூடப்போகிற நேரத்தில் முந்தானைக்குள்ளிருந்து அந்த ரிக்கார்டை அட்டையோடு எடுத்துச் சட்டைக்கு மேலே வைத்தாள். அப்பா தடுக்கப் போனார், அச்சன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மாமி பெட்டிக்குள் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"இவ்வளவுதான் பாட்டு. இதுக்குமேல ஒண்ணும் இல்ல, கேட்டீரா."

அவ்வளவுதான், கூட்டம் முழுக்க ஓவென்று அழுதது. தெளிவு வந்துவிட்டது, ஆளை விட்டுவிட்டாள் என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மஞ்சள் உடுப்புக்காரியின் முகத்தின்மேல் பலகை மூடியது. மணல் ஈரமாக இருந்ததால் விழுகிற சத்தம் கனமாகக் கேட்டது.

அன்றிலிருந்து மாமி வெள்ளைதான் உடுத்தாள், முப்பத்தெட்டு வருஷம். மாமன் வரவில்லை. சேதியும் இல்லை. ஒன்றில் மட்டும் அவளை யாராலும் மாற்ற முடியவில்லை. முன்வாசல் கதவுக்குக் கொண்டி போட மாட்டாள். பகலிலும் சரி, தூங்கப் போகும்போதும் சரி, சும்மா சாத்தி வைப்பாள், தள்ளினால் திறக்கும். கள்ளன் வருவான் என்று அப்பா சாகிறவரை சண்டை பிடித்தார். தனிக்கட்டைக்கு வந்த மறதி என்று அம்மா சொல்லுவாள். நான் நர்ஸ் வேலைக்கு வடக்கே போய், லீவுக்கு வரும்போதெல்லாம் அவளைப் பார்ப்பேன். மீன் தலையை எனக்கென்று எடுத்து வைத்திருப்பாள். சாப்பிடுவேன். அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்க நினைப்பேன், கேட்க மாட்டேன். அவளும் சொல்லவில்லை. அவள் செத்தபோது நான் ஊரில் இல்லை. கதவு சாத்திக் கிடந்தது, தள்ளினோம், திறந்தது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். பிறகு ஒரு வருஷம் கடல் ஏறி வந்து கல்லறைத் தோட்டத்தின் மேற்கு வரிசைகளை எடுத்துக்கொண்டது. நீலச் சட்டையும் ரிக்கார்டும் அதோடு போயிருக்கும்.

பேர் தெரியாத ஒரு ரிக்கார்டைத் தேடித்தான் நான் உங்கள் கூட்டத்தில் சேர்ந்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு இதுவரை சொல்லவில்லை.

போன மாதம் உதியன்குளங்கரையில் மாடிவீட்டு அண்ணன் பார்சலைப் பிரித்தார் அல்லவா? மஞ்சள் உடுப்பு. படி. கன்னத்தில் கை. இது புதைச்சதல்லவா என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். மூன்றாம் பாட்டு அந்த இடத்துக்கு வந்தபோது என் கை தானாக முள்ளைத் தூக்க எழும்பியது. என்ன என்று டாக்டர் கேட்டதற்கு, கொசு என்றேன். டக் என்று ஒரு சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாட்டு தாண்டிப் போய்விட்டது.

ஒன்பது வயசில் அந்தக் கடைசி வரிகளைப் பலதடவை கேட்டிருப்பேன், ஆனால் இங்கிலீஷ் தெரியாதவளுக்கு அது வெறும் சத்தம். அன்று உங்கள் நடுவே உட்கார்ந்துதான் அர்த்தத்தோடு கேட்டேன். பாட்டு நெடுக அவள் விளிக்கிறாள், விளக்கு எரிகிறது, கதவு திறந்து கிடக்கிறது, நீ வா என்கிறாள். கீறல் விழுந்த வரி அதுதான், கதவு திறந்து கிடக்கிறது என்கிற வரி. அதற்கு அப்புறம் டிரம் நின்று, ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொல்லுகிறாள். விளக்கை அணைத்தாயிற்று, பூட்டை மாற்றியாயிற்று, இனி நீ வந்தாலும் தட்டாதே. பிறகு டிரம்பட் எல்லாம் ஒரே மூச்சில் எழும்புகிறது. இந்தத் திருப்பம்தான் பாட்டின் மகிமை என்று நீங்கள் கைதட்டினீர்கள். மகிமைதான். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே சிஸ்டரின் கைக்குள் இருந்த கையைப் பார்த்தேன், கடைசியிலயா சிஸ்டர் என்று கேட்ட முகத்தைப் பார்த்தேன், அவிழ்ந்த முடியையும் ஊசியையும் பார்த்தேன்.

தூசி எடுத்தாள் பாவி. அந்த ஒரு தூசியைத்தான் எடுத்தாள். எடுத்ததைச் சொன்னால் ஏன் எடுத்தாய் என்று அண்ணன் கேட்பார், கேட்டால் கடைசி வரியைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. அதற்காக ஒன்பது வயசுப் பிள்ளையை அடி வாங்க விட்டாள். அது தப்புத்தான் மாமி, பெரிய தப்பு, எனக்கு வலித்தது. பெட்டிக்குள் குனிந்து நீ சொன்னதைக் கேட்டு, புருஷனை விட்டுவிட்டாய் என்று ஊர் முழுக்க நம்பியது. பூட்டு மாற்றின வரி இதில் கிடையாது, கதவு திறந்துதான் கிடக்கிறது என்று நீ அவருக்குச் சொல்லிவிட்டது யாருக்கும் தெரியாமல் போயிற்று.

மாமன் செத்தாரா, இறங்கிப் போனாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிய வேண்டாம்.

என் பேருக்கு ஒரு ரிக்கார்டு வரவழைத்தேன். வந்த அன்றே தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்து, அதே வரியைத் தேடிப்பிடித்துக் கீறினேன். முதல் தடவை சரியாக விழவில்லை, இரண்டாவதில் விழுந்தது. செய்யாத குற்றத்துக்கு வாங்கின அடி, இப்போது செய்த குற்றத்துக்கு ஆகிவிட்டது. போட்டேன். அவள் சொல்ல, டக், அவள் சொல்ல, டக், சாயங்காலம் முழுக்கச் சுற்றியது. நடுவே எழுந்துபோய் முன்வாசல் கொண்டியை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

உங்கள் ரிக்கார்டில் முழுப்பாட்டும் உண்டு, தாராளமாகக் கேளுங்கள். டாக்டர், என்னுடையதை அடுத்த ஞாயிறு மறக்காமல் கொண்டு வாருங்கள். அதுவரை இன்னொரு தடவை போட்டால், அந்த இடம் வரும்போது முள்ளைத் தூக்க அவசரப்படாதீர்கள். கொஞ்ச நேரம் சுற்றட்டும்.